கேட்டவள் குற்றவாளியா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கதை எழுதறவர் நீங்கதானே?"

"ஆமாம்" என்றேன். பாராட்டு வரப்போகிறது என்று நினைக்கும்போது எழுத்தாளனுக்கு ஒரு புன்னகை வருமே, அதுவும் வந்திருக்க வேண்டும்.

"என் பையன் உங்க புஸ்தகம் ஒண்ணைப் படிச்சான் ஸார். அதுவரைக்கும் நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வந்துட்டிருந்தான். படிச்சப்புறம், 'நான் எதுக்காக இந்த வேலையைச் செய்யறேன்?'னு கேக்க ஆரம்பிச்சான். கேட்டுக் கேட்டு, ஆறு மாசத்துக்கு முன்னாடி வேலையை விட்டுட்டான். இப்ப வீட்டுல உட்கார்ந்திருக்கான். நான் ரிட்டயராயிட்டேன். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசணும்."

என் புன்னகை எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் அவரிடம் பேசினேன். இலக்கியத்தின் கடமை, தனி மனிதனின் சுதந்திரம், சிந்திப்பதன் அவசியம் என்று மேடையில் பேசுவதையெல்லாம் அந்தச் சிறிய அறையில் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்:

"நீங்க கேள்வியைக் கேட்டுட்டுப் போயிட்டீங்க ஸார். பதிலுக்கு நாங்கதானே செலவு பண்றோம்?"

கோபமாகச் சொல்லவில்லை. மளிகைக் கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசத்தை எழுதி மேஜை மேல் வைத்தார். "நீங்க சொன்னா அவன் கேப்பான். வேலைக்குப் போன்னு ஒரு கடுதாசி போடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதினேன். முதல் கடிதம் என் மனச்சாட்சிக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது பிரசங்கமாகிவிட்டது. மூன்றாவது மன்னிப்புக் கடிதம்போல் இருந்தது. மூன்றையும் கிழித்துப் போட்டேன். ஒருவனுடைய நிம்மதியைக் குலைக்கிற கேள்வியைக் கேட்க இன்னொருவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் கடிதம் எழுத முடியாது என்று தோன்றியது.

அப்போதுதான் இதே குற்றச்சாட்டுக்கு ஆளாகக்கூடிய ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. பெயர் கிளாரிஸ். ரே பிராட்பரி என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ஃபாரன்ஹீட் 451' என்ற நாவலில் வருகிறவள்.

1953-ல் வெளிவந்த நாவல் அது. கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆங்கிலப் புத்தகங்களைப் படிக்கிறேன். பிராட்பரி கல்லூரிக்கே போகாதவர் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. நூலகங்களில் உட்கார்ந்து படித்தே ஆளானவர். இந்த நாவலின் முதல் வடிவத்தையும் ஒரு நூலகத்தில்தான் எழுதினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் வாடகைத் தட்டச்சு யந்திரங்கள் இருந்தனவாம். அரை மணிக்குப் பத்து சென்ட். மொத்தம் 9 டாலர் 80 சென்ட் செலவில் முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். புத்தகங்கள் எரிக்கப்படுகிற கதையை, தலைக்கு மேலே பல மாடிகளில் புத்தகங்கள் அடுக்கியிருக்க, காசு போட்டு ஓட்டும் யந்திரத்தில் அவசர அவசரமாக அடித்திருக்கிறார்.

கதை எதிர்கால அமெரிக்காவில் நடக்கிறது. அங்கே தீயணைப்புப் படைக்கு நெருப்பை அணைக்கிற வேலை இல்லை. யார் வீட்டிலாவது புத்தகம் இருப்பதாகத் தகவல் வந்தால், மண்ணெண்ணெய் குழாயோடு போய் அந்த வீட்டைக் கொளுத்த வேண்டும். தலைப்பில் உள்ள எண், காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை என்று நாவல் சொல்கிறது. மான்டாக் அந்தப் படையைச் சேர்ந்தவன், முப்பது வயது. பாட்டன், தகப்பன் காலத்திலிருந்து பரம்பரை உத்தியோகம். எரிப்பதில் அவனுக்கு இன்பம் இருக்கிறது. வேலை முடிந்து திரும்பும்போது முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருட்டிலும் அது போவதில்லை.

ஓர் இரவு வீடு திரும்பும் வழியில், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கிளாரிஸைச் சந்திக்கிறான். அவள் விசித்திரமான பெண். எல்லோரும் அசுர வேகத்தில் காரில் போகிற ஊரில் நடந்து போகிறாள். விடியற்காலையில் புல்லின் மேல் பனி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மழை பெய்தால் அண்ணாந்து வாயைத் திறந்து அதன் ருசி பார்க்கிறாள். இப்படி இருப்பதற்காக அவளை மனநல வைத்தியரிடம் அனுப்புகிறார்கள். முன்னொரு காலத்தில் தீயணைப்பு வீரர்கள் நெருப்பை அணைத்தார்கள் என்பது உண்மையா என்று அவனைக் கேட்கிறாள். அவன் சிரிக்கிறான். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்கிறாள். கேட்டதை யோசிக்காமலே உடனுக்குடன் பதில் சொல்லிவிடுகிறீர்களே என்றும் சொல்கிறாள். பிரியும்போது, போகிற போக்கில், நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விடுகிறாள்.

அவ்வளவுதான் அவள் செய்த காரியம்.

சந்தோஷமாகத்தானே இருக்கிறேன் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். படுக்கையறையை எட்டுவதற்குள் தான் சந்தோஷமாக இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று தொடங்கிய சரிவு நிற்கவில்லை. நாவல் முடிவதற்குள் உத்தியோகம் போகிறது. மனைவி அவனையே காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். தன் வீட்டைத் தன் கையாலேயே கொளுத்துகிறான். தன் மேலதிகாரியைக் கொன்றுவிடுகிறான். போலீஸ் துரத்த ஊரைவிட்டு ஓடுகிறான். பெரியவர் சொன்ன கணக்குப்படி பார்த்தால், கிளாரிஸ் கேட்டது ஒரு கேள்வி. மான்டாக் செய்தது இவ்வளவு செலவு. அவள் அந்தத் தெருவுக்குக் குடிவராமல் இருந்திருந்தால் அவன் பென்ஷன் வாங்கிக்கொண்டு கிழவனாகியிருப்பான் அல்லவா?

குற்றச்சாட்டு பலமானதுதான். ஆனால் நாவலை மறுபடி படித்தபோது, முதல் தடவை சரியாகக் கவனிக்காத ஓரிடம் கண்ணில் பட்டது. அந்த முதல் இரவிலேயே, அவளோடு பேசிவிட்டு வீட்டுக்குள் வந்ததும், கூடத்தில் காற்று வருவதற்காக வைத்திருக்கும் கம்பி மூடியை மான்டாக் அண்ணாந்து பார்க்கிறான். அதற்குப் பின்னால் ஏதோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது என்ன என்பதை ஆசிரியர் வெகு நேரம் கழித்துத்தான் சொல்கிறார். புத்தகங்கள்! கொளுத்தப் போன வீடுகளிலிருந்து அவனே எடுத்து வந்தவை. கிளாரிஸ் அவனைப் பார்ப்பதற்கு முன்பே அவன் திருடத் தொடங்கிவிட்டான். இன்னொன்றும் உண்டு. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால், பூங்காவில் ஃபேபர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரைச் சந்தித்திருக்கிறான். அவர் சட்டைக்குள் புத்தகம் ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. விலாசத்தை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டான்.

அப்படியானால் சந்தேகத்தை விதைத்தது யார்? கிளாரிஸ் இல்லை. அது ஏற்கெனவே அவன் வீட்டுக்குள், தலைக்கு மேலேயே இருந்தது. தினமும் அதன் கீழே நடந்து போய்க்கொண்டிருந்தான். அவளுடைய கேள்வி செய்ததெல்லாம், அவனை ஒரு தரம் அண்ணாந்து பார்க்க வைத்ததுதான். அந்தப் பெண்ணின் முகம் கண்ணாடிபோல் இருந்ததாக பிராட்பரி எழுதுகிறார். முகத்தில் கரியை அப்பியது கண்ணாடிதான் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

இதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. கடிதத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். 'ஐயா, உங்கள் மகனுடைய கேள்வி அவனுடையதே. நான் கண்ணாடி மட்டும்தான்' என்று எழுதிவிடலாம். பேனாவை எடுத்தேன். ஆனால் எழுத ஓடவில்லை. அந்த நிம்மதியே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. வழக்கில் இன்னும் இரண்டு சாட்சிகள் பாக்கி இருந்தார்கள்.

முதல் சாட்சி மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட். காதுக்குள் சிப்பி மாதிரி சின்ன ரேடியோவைச் செருகிக்கொண்டு தூங்குகிறவள். இன்றைக்கு நம் பஸ்ஸில் எத்தனை காதுகளில் அந்தச் சிப்பியைப் பார்க்கிறோம்! அவள் வீட்டு வரவேற்பறையில் மூன்று சுவர்கள் டெலிவிஷன் திரைகள். நான்காவது சுவருக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள், பெருமையாகவே சொல்வாள். ஆனால் கிளாரிஸ் கேள்வி கேட்ட அதே இரவில், மான்டாக் படுக்கையறைக்குள் நுழையும்போது, முப்பது தூக்க மாத்திரைகளை விழுங்கிவிட்டு மில்ட்ரெட் கிடக்கிறாள். யந்திரத்தோடு வந்து வயிற்றைக் கழுவிவிட்டுப் போகிற இரண்டு பேரும் வைத்தியர்கள்கூட இல்லை, வெறும் பணியாட்கள். ஒவ்வோர் இரவும் இந்த மாதிரி ஒன்பது, பத்து கேஸ் வருகிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். மறுநாள் காலையில், நான் அப்படிச் செய்யவே மாட்டேன் என்று மில்ட்ரெட் சாதிக்கிறாள்.

யாரும் கேள்வி கேட்காததால் நிம்மதியாக இருந்தவளின் கதி இது. கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. வெளியே வர வழியில்லாமல் மாத்திரையாக உள்ளே போயிற்று. 'அவன் நிம்மதியா இருந்தான்' என்று பெரியவர் சொன்னாரே, மில்ட்ரெட்டின் அக்கம்பக்கத்தாரும் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது சாட்சி, படையின் காப்டன் பீட்டி. இவனைத்தான் மான்டாக் கொல்கிறான். அந்த ஊரிலேயே அதிகம் படித்தவன் இவன்தான். எரிக்கிற புத்தகங்களிலிருந்தே மேற்கோள்களை அள்ளி வீசுகிறான். ஒரு காலத்தில் அவனுக்கும் கேள்விகள் இருந்திருக்கின்றன. புத்தகங்கள் ஒன்றையொன்று மறுப்பதைக் கண்டு சலித்துப்போய், கேட்பதே வீண் என்ற முடிவுக்கு வந்து, அந்த முடிவுக்குக் காவல்காரனாகிவிட்டான். மான்டாக் நெருப்புக் குழாயைத் திருப்பியபோது அவன் ஓடவில்லை. பேசிச் சீண்டிக்கொண்டே நின்றான். அவன் சாகவே விரும்பினான் என்பது மான்டாக்குக்குப் பிறகுதான் உறைக்கிறது.

ஆக, அந்த ஊரில் சந்தேகம் இல்லாத ஆளே இல்லை. மனைவியிடம் இருந்தது, அதிகாரியிடம் இருந்தது, மான்டாக்கிடமும் இருந்தது. முதல் இருவரும் அதனால் அழிந்தார்கள். மூன்றாமவன் அதனால் பிழைத்தான். கேள்வி ஒன்றுதான். பிறகு எதில் வித்தியாசம்? மான்டாக்குக்கு ஒரு கிளாரிஸ் கிடைத்தாள், மற்ற இருவருக்கும் கிடைக்கவில்லை. அவள் கொடுத்தது கேள்வியை மட்டும்தான் என்றால் இது புரியாது. இங்கேதான் நான் என்னுடைய வாதத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று.

இந்த மாதிரிக் கதைகளில் கதாநாயகனை எழுப்பிவிட ஒரு பெண் வருவது வழக்கம்தான். ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாத்தின் 1920-21-ல் எழுதிய 'நாம்' என்ற நாவலில் மனிதர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்கள்தாம். அதில் ஒரு பொறியாளனின் மனத்தைக் கலைக்க ஒருத்தி வருகிறாள். புகை பிடிக்கிறாள், மது அருந்துகிறாள், சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனால் அவன் கட்டுகிற ஆகாயக் கப்பல் அவளுடைய கூட்டத்தாருக்குத் தேவைப்படுகிறது. அவள் அவனை நேசித்தாளா, உபயோகித்துக்கொண்டாளா என்பது கடைசிவரை தீராத வேதனையாக அவனை அரிக்கிறது. ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட நாவலில் வருகிற ஜூலியாவுக்குப் புரட்சியில் அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது காதல், கொஞ்சம் நல்ல காப்பி, நல்ல சாக்லேட். அவளுக்கும் அவனிடம் ஒன்று வேண்டியிருக்கிறது.

கிளாரிஸுக்கு எதுவும் வேண்டாம். உன்னை நெடுநாள் பழகியவள்போல் உணர்கிறேனே, ஏன் என்று மான்டாக் கேட்கும்போது அவள் சொல்லும் காரணமே அதுதான்: அவனைப் பிடித்திருக்கிறது, அவனிடமிருந்து எதுவும் தேவையில்லை. காதலுக்காகவோ கட்சிக்காகவோ அவள் அவனை இழுக்கவில்லை. புத்தகம் படி என்றுகூட ஒரு தரமும் சொல்லவில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஓடிவிடவும் இல்லை. மறுநாளும் வந்தாள். ஏறக்குறைய ஒரு வாரம், தினமும் அவனோடு தெருமுனைவரை நடந்தாள். அவன் வாசலில் ஒரு நாள் பூங்கொத்து இருந்தது. ஒரு நாள் சின்னப் பையில் கொஞ்சம் பருப்புக் கொட்டைகள். ஒரு நாள் வெள்ளைக் காகிதத்தில் குத்தி வைத்த இலையுதிர்கால இலைகள். ஒருவனுடைய சிரிப்பைப் பறித்துக்கொண்ட பெண், அதற்கு ஈடாக அன்றாடம் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. பிராட்பரி ஓர் இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் நண்பரோடு நடந்து போய்க்கொண்டிருந்தபோது, போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி விசாரித்தாராம். வெறுமனே நடந்து போவதே சந்தேகத்துக்குரிய காரியமாகிவிட்டது! அந்த எரிச்சலில் 'பாதசாரி' என்று ஒரு சிறுகதை எழுதினார், 1951-ல் வந்தது. பிறகொரு நாள் அந்தப் பாதசாரியை மனத்துக்குள் மறுபடி நடக்கவிட்டபோது, தெருமுனை திரும்பியதும் கிளாரிஸ் எதிரே வந்தாள் என்கிறார். நாவலில் அவளுடைய மாமாவை, நடந்து போன குற்றத்துக்காக ஒரு தரம் கைது செய்திருக்கிறார்கள். நடப்பது என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. கூட வருகிறவனுக்காகக் கொஞ்சம் நிற்பது. கிளாரிஸின் தகுதி அவளுடைய கேள்வியில் இல்லை, அந்த நடையில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஒரு நாள் அவள் தென்படவில்லை. கார் மோதி இறந்துவிட்டாள் போலிருக்கிறது, குடும்பமும் வீட்டைக் காலி செய்துவிட்டது என்று மில்ட்ரெட் படுக்கையில் படுத்துக்கொண்டு சொல்கிறாள். நடந்து நாலு நாளாயிற்றாம், சொல்ல மறந்துபோயிற்றாம். நாவலில் அதற்கு மேல் கிளாரிஸ் இல்லை. வாசகர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1966-ல் த்ரூஃபோ இதைப் படமாக எடுத்தபோது அவளைப் பிழைக்க வைத்தார். பிராட்பரிக்கும் அது பிடித்துப்போய், பின்னால் நாடகமாக எழுதும்போது அவரும் அவளைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் நாவலில் அவள் போய்விடுவதுதான் நியாயம் என்பது என் கட்சி. அவள் இருந்திருந்தால் மான்டாக் பதிலையும் அவளிடமே கேட்டிருப்பான். தெருமுனைக்கு அப்பால் அவன் தனியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது.

அப்படி நடந்த மான்டாக்கிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. தன்னைக் கேட்ட கேள்வியை அவன் மில்ட்ரெட்டிடம் ஒரு நாளும் அந்த மாதிரிக் கேட்கவில்லை. அவளிடம் கத்தினான், புத்தகத்தைப் பிரித்து வற்புறுத்திப் படித்தான், அவளுடைய சிநேகிதிகள் எதிரில் கவிதை வாசித்து ஒருத்தியை அழவைத்தான். எல்லாம் உண்மைக்காகத்தான். ஆனால் அவளோடு தெருமுனைவரை நடக்கவில்லை. அவர்கள் இருவரும் முதன்முதலில் எங்கே சந்தித்தார்கள் என்பதுகூட இருவருக்கும் மறந்துவிட்டது. குண்டு விழுந்து நகரம் அழிகிற நேரத்தில்தான், சிகாகோ என்ற பெயர் அவனுக்கு ஞாபகம் வருகிறது. அப்போது அதைச் சொல்ல அவள் இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் என்னைக் கிளாரிஸ் என்று நினைத்துக்கொண்டுதான் வாசிக்க ஆரம்பித்தேன். மேஜையில் இருந்த விலாசத்தைப் பார்த்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நடந்துகொண்டது யாரைப்போல் என்று தெரிந்தது. வெயிலில் வந்த மனிதரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அவருடைய மகன் எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று கேட்கவில்லை. அத்தனை வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற அவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

கேட்டவள் குற்றவாளி இல்லை. அதை இப்போதும் உறுதியாகச் சொல்கிறேன். கேட்கப்படாத கேள்வி ஆளைக் கொல்லும் என்பதற்கு மில்ட்ரெட் சாட்சி. ஆனால் கேட்டதோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கிறவன், அவன் எழுத்தாளனே ஆனாலும், கிளாரிஸின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. புத்தகம் அச்சாகிப் போய்விடுகிறது. அது யார் வீட்டுக் கூடத்தில் யாரை அண்ணாந்து பார்க்க வைக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிய வந்த பிறகு சும்மா இருப்பது வேறு விஷயம்.

வேலைக்குப் போ என்று அந்தப் பையனுக்குச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. போகாதே என்று சொல்லவும் இல்லை. ஆகையால் கடிதம் எழுதப்போவதில்லை. விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மைல் நடக்க வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.